கோச்சி தெரியும் புல்வெளி

டிக்கட் கொடுத்த பெண் அக்காவின் பாஸ்போர்ட்டைக் கேட்டாள்.

துரை பங்களாவின் பழைய குதிரை லாயத்தில் ஒரு ஜன்னலை வெட்டி டிக்கட் கவுண்டர் ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் பலகை. உள்நாட்டவர், சார்க் நாட்டவர், வெளிநாட்டவர் என்று மூன்று கட்டணம். நான் முதல் வரி. என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா இரண்டாவது வரி.

"இவங்க இந்தப் பங்களாவுக்குக் கீழ, மூணாம் லயத்துல பொறந்தவங்க" என்றேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு.

"பொறந்த எடம் நாங்க பாக்குறதில்லீங்க சேர். பாஸ்போட்தான்."

சரியான பதில். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த காலம் முழுவதும் நானும் இதையேதான் கவுண்டருக்கு உள்ளே இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். விதியோடு வாதாடக் கூடாது, விதிவிலக்கைத் தேட வேண்டும் என்பது எங்கள் உத்தியோகத்தின் பாலபாடம். பலகையை இரண்டு முறை படித்தேன். விதிவிலக்கு இல்லை.

அக்கா சிரித்தாள். "விடுடா தம்பி. கோத்தகிரியில இன்னமும் என்னைய சிலோன்காரின்னுதான் கூப்புடுறான். இங்க வந்தா இந்தியாக்காரி. ஒரே வயித்துல பொறந்து நீ உள்நாடு, நான் சார்க்கு. சார்க்குன்னா என்னடா?"

விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. பங்களாவுக்கு ஏறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். எனக்கு டிக்கட் கவலை இல்லை. கீழே தெமோதரைப் பக்கம் முழுவதும் மூடுபனி கிடந்தது. அது விலகாவிட்டால் நாங்கள் வந்த காரியம் கெட்டது.

எதற்காக வந்தோம்

அக்காவின் பெயர் பாக்கியம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்த காலத்தில் எங்கள் அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். அக்கா விரும்பியவர் வீட்டில் இந்தியாவுக்கு. "இந்தியாவுக்குப் போறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா இரண்டு காலிலும் நின்று அவரையே கட்டிக்கொண்டாள். கலியாணத்தன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அம்மா மருமகன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணிகூட ஊற்றிக் கொடுத்ததில்லை.

பஞ்ச வருடத்தில் அவர்கள் புறப்பட்ட நாளில் அப்பாவும் நானும் பதுளை ஸ்டேஷனுக்குப் போனோம். ரயிலை எங்கள் பக்கத்தில் கோச்சி என்போம். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் விழுந்திருந்தது. மேடை நெடுக ஒப்பாரி. இஞ்சின் கரியும், தலையில் வைத்த எண்ணெயும், கட்டுச்சோற்று மணமும் கலந்த காற்று.

அம்மா வரவில்லை. காலையில் அக்கா காலில் விழுந்தபோதுகூட அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கோச்சி நகரும் வரை அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அத்தான் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் சந்திக்கவில்லை. அம்மா கண்ணை மூடியபோது யுத்த காலம், கப்பலும் நின்றுவிட்டது.

இத்தனை வருடமும் அக்கா நம்பிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். அம்மா தன்னை மன்னிக்கவில்லை. முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

அம்மா அன்றைக்கு எங்கே இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். துரை பங்களாவின் முன்புறப் புல்வெளியில் நின்று கோச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்து ஆள் அந்தப் புல்லில் கால் வைத்தால் பத்துச்சீட்டு. அதாவது வேலையும் போகும், இருக்கிற காம்பராவும் போகும். அதனால் அன்றைக்கே அப்பா எங்கள் வாயைக் கட்டிவிட்டார். வெளியே மூச்சு விடக் கூடாது, கடிதத்திலும் எழுதக் கூடாது. எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் போய்வந்தன. அடுத்தவர் கடிதம் ஆபீஸ்காரர்களுக்கு வெற்றிலைபாக்கு மாதிரி, சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் வேண்டும்.

அப்பாவும் போய், அந்தத் துரைமாரும் போய், கையில் போன் வந்த பிறகு அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை, மேலே சொல்ல விடவும் இல்லை. "என்னையத் தேத்துறதுக்குக் கத கட்டுறியா? அம்மாவாவது தொர பங்களாப் புல்லுல நிக்கிறதாவது. கங்காணி செருமினாலே கொழுந்துக் கூடைக்குள்ள ஒளியுமே அது."

அத்தான் இறந்த பிறகு அக்கா தனியாள். இப்போது முழங்கால் இரண்டும் மக்கர். ஒரு மாத விசாவில் வந்திருந்தாள். இன்னொரு தரம் வரும் உத்தேசம் அவள் முழங்காலுக்கு இல்லை. இந்தப் பயணத்திலேயே அவளை அந்தப் புல்லில் நிறுத்தி, கோச்சி போகும்போது காட்டிவிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

நூறு வயதுக் கட்டடங்கள்

முதல் சில நாள் பதுளை டவுனைச் சுற்றிக் காட்டினேன். பார்க்கிற பழைய கட்டடத்துக்கெல்லாம் அக்காவிடம் ஒரே கேள்விதான்.

"இது யாரு வீடுடா?"

"கவர்மெண்டு ஏஜண்டுத் துரை வீடு."

"இது?"

"நீதவான் வீடு."

"இது?"

"குதிர கட்டுன எடம்."

"குதிரைக்கே ஓடு போட்டிருக்கான். நமக்குத் தகரம்."

பழைய தேவாலயத்துக்கும் கூட்டிப் போனேன். சுவரெல்லாம் பித்தளைத் தகடு. காய்ச்சலில் செத்த பிள்ளைகள், குதிரையிலிருந்து விழுந்த துரைமார். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொரு தகட்டுக்கும் 'ச்சு' கொட்டினாள். அவளுக்குத் துரையின் மேல் கோபம் உண்டு, துரையின் பிள்ளை மேல் கிடையாது. வெளியே வந்ததும், "பாவம், இவ்ளோ தூரம் வந்தா செத்தானுக" என்றாள். அக்கரையிலிருந்து வந்து செத்தவர்களின் பேத்தி பேசுகிற பேச்சு!

ஒரு கட்டடம் மரபுச் சின்னம் ஆவதற்குரிய நடைமுறை எனக்கு மனப்பாடம். விண்ணப்பம், வரைபடம், கள ஆய்வு, கடைசியில் அரசிதழான வர்த்தமானியில் அறிவிப்பு. அடிப்படைத் தகுதி வயது. நூறு ஆகியிருந்தால் நல்லது. எங்கள் லயத்துக்கும் நூறு தாண்டிவிட்டதே என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தலைமை தாங்கிய அதிகாரி நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "அதில் ஆட்கள் இருக்கிறார்களே" என்றார்.

உண்மைதான். நூறு வயதுக் கட்டடம் காலியாக இருந்தால் மரபுச் சின்னம். உள்ளே ஆட்கள் குடியிருந்தால் வீடமைப்புப் பிரச்சினை. அது வேறு அமைச்சு.

மூணாம் லயம்

பங்களாவுக்குப் போவதற்கு முதல் நாள் லயத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நமுனுகுல மலையின் இந்தப் பக்கச் சரிவில், தெமோதரைக்கு எதிரே என்பதோடு விடுகிறேன். பங்களாவை வாங்கி மரபு விடுதியாக நடத்துகிறவர்களிடம் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். பிளேன்டீயும் சீனியும் வந்தன. தகரத்தின் மேல் தகரம் போட்டுக் கூரையை உயர்த்தியிருந்தார்கள். டீவி இருந்தது. அடுப்பு இருந்த மூலையில் காஸ் சிலிண்டர். அக்கா சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேராக வாசலுக்கு வந்தாள்.

வாசலில் நின்றால் எதிரே தேயிலை மேடு. மேட்டுக்கு மேலே பங்களாவின் சவுக்கு மரங்கள். பள்ளத்தாக்கு, கோச்சிப் பாதை எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் அந்த மேடு மறைத்துக்கொண்டிருக்கும்.

"பாத்தியா? இங்கருந்து எங்கடா கோச்சி தெரியும்?"

"இங்கருந்து தெரியாதுக்கா. அதுனாலதான் மேல போச்சு."

"போச்சு, போச்சு. சும்மா அதையே சொல்லாத."

காட்சி தெரிகிற இடத்தில் பங்களா கட்டுவதும், காட்சிக்கு முதுகு காட்டி லயம் கட்டுவதும் தற்செயல் அல்ல. லயத்து ஆளுக்குத் தூரத்தைக் காட்டினால் அவன் தூரத்தைப் பற்றி யோசிப்பான். தோட்டம் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

வரிசைப்படி பார்க்கவும்

மறுநாள் காலை பங்களா திறந்ததும் நாங்கள்தான் முதல் பார்வையாளர்கள். காலைக் கோச்சி நேரத்துக்கு வந்தால் நாங்கள் உள்ளே நுழையும் முன்பே போய்விடும். பதுளை ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "இன்னும் எடுக்கல்லை" என்றார்கள். "மிக்க நன்றி" என்றேன். கோச்சி பிந்தியதற்கு நன்றி சொன்ன ஆளை அந்த ஸ்டேஷன் அதற்கு முன் கண்டிருக்காது.

எங்களைச் சுற்றிக் காட்ட வந்தவள் ஷாலினி. மேல்பிரிவு லயத்துப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை, விடுதியின் சாம்பல் நிறச் சீருடை. ஆங்கிலத்தில் வரவேற்றாள். நான் பதில் சொல்லும் முன் சிங்களத்துக்கு மாறினாள். அக்கா, "இந்தப் படி வழுக்குமா மக?" என்றதும் பெருமூச்சு விட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"வழுக்காது ஆன்ட்டி. மெதுவா வாங்க. மொதல்ல டைனிங் ரூம்."

"மொதல்ல புல்வெளியப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வரிசைப்படிதாங்க சேர் போகணும்."

வரிசைப்படி போனோம். சாப்பாட்டு அறை. சுருட்டு அறை. சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி. துரைமார் நாய்களோடு நிற்கும் படங்கள். நாய்களுக்குப் பெயர் எழுதியிருந்தது. பின்னால் நின்ற ஆட்களுக்கு 'தோட்டத்தார்' என்று மொத்தமாக ஒரு பெயர். மெழுகு போட்ட தரையில் பழைய சுருட்டு மணம் இன்னும் இருந்தது, அல்லது இருப்பதாக ஷாலினி சொன்னாள்.

சமையலறையில் அக்கா ஜன்னலருகே நின்றுவிட்டாள். "இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கேன். கீரை குடுக்க. சமையக்கார அப்பு கைய நீட்டி வாங்கிக்குவாரு. உள்ள எப்பிடி இருக்கும்னு அம்மாகிட்ட ராத்திரியெல்லாம் கேப்பேன். அதுக்கு என்ன தெரியும்? அதுவும் ஜன்னல் வரைக்கும்தானே."

"இப்ப உள்ள வந்திட்டீங்களே ஆன்ட்டி" என்றாள் ஷாலினி.

"வந்து? பாத்திரம் வெளக்குற எடம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். புத்தக அறை பாக்கி, தேயிலை ருசி பார்ப்பது பாக்கி. கோச்சி இந்நேரம் இடையிலுள்ள ஹாலிஎல ஸ்டேஷனைத் தாண்டியிருக்க வேண்டும்.

கயிறு

வரவேற்பறையின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் புல்வெளி. அதன் விளிம்புக்கு அப்பால் மலை சரிந்து, பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும். கதவுக்கு வெளியே தடித்த கயிறு கட்டி, சின்னப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். புல்வெளி தங்கும் விருந்தினருக்கு மட்டும்.

"பகல் டிக்கட்டுக்கு இது வரைக்கும்தாங்க சேர்" என்றாள் ஷாலினி.

இது எனக்குத் தெரியாது. வெப்சைட்டை வரி வரியாகப் படித்திருந்தேன். அதில் இல்லை.

"டிக்கட்டில் அப்படி எழுதலையே" என்றேன். "நிபந்தனை டிக்கட்டில் இருக்கணும். இல்லாட்டி கவுண்டர்லயாவது ஒட்டியிருக்கணும். இந்தத் தடைய யாரு போட்டது? எழுத்துல இருக்கா?"

"எனக்குத் தெரியாதுங்க சேர். மெனேஜர்கிட்ட கேக்கணும்."

"கேளுங்க. நான் நிக்கிறேன்."

அவள் மூலையிலிருந்த போனை எடுத்தாள். நான் மனதுக்குள் முறைப்பாட்டுக்கு வாசகம் அமைத்துக்கொண்டிருந்தேன். முதலாவது பந்தியின் கடைசி வரிக்கு வருவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து கோச்சி கூவியது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஒதுக்கி வைத்தாள். குனிய முழங்கால் விடவில்லை. கயிற்றைக் கையால் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதற்கு அடியில் நுழைந்து புல்லுக்குப் போய்விட்டாள்.

ஷாலினி போனைக் காதில் வைத்தபடி அதைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "யெஸ் சேர், ஹோல்ட் பண்றேன் சேர்" என்றாள்.

முறைப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நானும் கயிற்றைத் தாண்டினேன்.

புல்

புல் நனைந்திருந்தது. அக்கா விளிம்பு வரை போய்ச் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடுபனி முழுவதும் போகவில்லை. துண்டு துண்டாகக் கிழிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கிழிசல்களுக்கு இடையில் எதிர்மலையின் இடுப்பில் கோச்சிப் பாதை கோடாகத் தெரிந்தது.

நீலக் கோச்சி வளைவில் வந்தது. இங்கிருந்து பார்த்தால் கம்பளிப்பூச்சி அளவு. ஒவ்வொரு பெட்டியாக மரங்களுக்குள் போய் வெளியே வந்தது.

"தெரியுதுடா" என்றாள் அக்கா. "ஆனா ஆளு தெரியாதே. எந்தப் பொட்டில நான் இருந்தேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப எல்லாப் பொட்டியையும்தான் பாத்திருக்கும்."

கோச்சி மலையைக் குடைந்த சுரங்கக் குகையில் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் மறைந்தது. சத்தமும் நின்றது. "அவ்வளவுதானா?" என்று முணுமுணுத்து அவள் திரும்பப் போனாள்.

"நில்லுக்கா" என்றேன்.

தெமோதரையில் பாதை ஒரு முழு வட்டம் போடும். குகைக்குள் நுழைகிற கோச்சி, அதே மலையைச் சுற்றிக்கொண்டு ஏறி, தான் நுழைந்த குகைக்கு நேர் மேலே உள்ள ஸ்டேஷனுக்கு வரும். உள்ளே இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனவள். இந்தத் தடவை கொழும்பிலிருந்து வந்ததும் பஸ்ஸில்.

சற்று நேரம் சென்றது. மலையின் மறுபக்கத்திலிருந்து, முன்னைவிட உயரத்தில், கோச்சியின் முகம் வெளியே வந்தது. எங்களை நோக்கி, வந்த திசைக்கே வருவது போல வந்தது.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"டேய், திரும்பி வருதுடா!"

"அம்மாவும் அதையேதான் சொல்லிச்சு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காகிதம் சரியில்லன்னு எத்தன குடும்பத்தத் திருப்பி அனுப்புனானுக, ஞாபகம் இருக்கா? ஒங்களையும் திருப்பி அனுப்பிட்டான்னு நெனச்சிருச்சு. இங்கருந்து ஓட்டமா லயத்துக்கு ஓடியிருக்கு. நானும் அப்பாவும் டவுன்லருந்து நடந்து வந்து சேந்தா, வீடு முழுக்கக் கொழம்பு வாசம். சோறு ஆக்கி வச்சிருந்துச்சு."

"சோறா? அந்தப் பஞ்சத்துலயா?"

"வாரத்துக்குக் குடுத்த அரிசி மொத்தத்தையும். கோழியும் அறுத்துருச்சு."

"எந்தக் கோழி?"

"செவலை."

"முட்ட போட்டுக்கிட்டு இருந்துச்சேடா! ஆபத்துக்கு வித்துக்கலாம்னு வச்சிருந்த கோழி!"

"அப்பாவும் அதையேதான் கேட்டாரு. 'மருமகன் மொத மொதல்ல நம்ம வீட்டுல சாப்புடப் போறாரு. ரொட்டியா தட்டிப் போடச் சொல்றீங்க?'ன்னு கேட்டுச்சு."

ஸ்டேஷனில் நின்றிருந்த கோச்சி மறுபடி கூவிவிட்டு எல்ல என்ற ஊர்ப் பக்கம் திரும்பியது. பனி அதை மெதுவாக வாங்கிக்கொண்டது.

"மருமகன்னா சொல்லிச்சு?"

"ஆமா."

"வாயால?"

"வாயால. நான் கேட்டேன்."

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் ஒங்கம்மா எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்கலன்னு சொல்லிக்கிட்டே செத்தாருடா."

பின்னால் ஷாலினி வந்து நின்றாள். "மெனேஜர் ஏலாதுன்னு சொல்றாருங்க" என்றாள் மெல்ல. சொல்லிவிட்டு அவளும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"இதோ வந்துட்டோம் மக" என்றாள் அக்கா. ஆனால் நகரவில்லை. என்னிடம் கேட்டாள்: "யாரு சாப்புட்டா அத?"

"இருட்டுற வரைக்கும் யாரையும் தொட விடல. ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. பெறகு எனக்குப் போட்டுச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"உப்புக் கூட."

சட்டென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அதுக்குக் கோழின்னா எப்பவும் உப்புக் கூடிரும்டா" என்றாள். சவுக்கு மரத்திலிருந்து கையை எடுத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, போவோம். பசிக்குதுடா தம்பி."